காய்ச்சல் இல்லாமல் வந்த நிமோனியா

வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோத்தகிரியில் ஒரு டிசம்பர் மாதம் எங்கள் அத்தைக்கு நுரையீரலில் தொற்று முற்றியிருந்தபோது அது காட்டிய அளவு 98.6. உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது. இருமல்கூடப் பெரிதாக இல்லை.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. வயது 76. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி இங்கே வந்த குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயில் கொழுந்து எடுத்தே ஓய்வு பெற்றார். அன்று காலை அவர் சாயத்தண்ணி (பாலில்லாத டீ) குடிக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. அப்புறம் போர்வையை விலக்கிவிட்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள, கூடைய எடு" என்றார். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. பெரட்டு என்று அவர் சொன்னது இலங்கைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை. முந்தைய நாள்வரை பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரே இரவில் ஐம்பது வருஷம் பின்னால் போயிருந்தார்.

பக்கத்து வீட்டார் "வயசாயிடுச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்" என்றார்கள். முதலில் காட்டிய கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறதி நோய் ஒரே இரவில் வராது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது சளி பிடித்தால், கிராம சுகாதார செவிலியர் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணிப் பார்ப்பார். வீட்டுக்குத் திரும்பியதும் அத்தையை உட்காரவைத்து அதையே செய்தேன். நிமிஷத்துக்கு 28 மூச்சு. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினேன். ஆக்ஸிஜன் 86 காட்டியது. உடனே ஜீப் சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளையாக இருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அதிலிருந்து நான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காய்ச்சலைக் கிருமி உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சூட்டை மூட்டுவது நம் உடம்பு. கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் செய்தி அனுப்பும்; மூளை அதைக் கேட்டுச் சூட்டைக் கூட்டும். வயதாக ஆக அந்தச் செய்தியும் மெலிகிறது, சூட்டைக் கூட்டும் திறனும் குறைகிறது. கூடவே வயதானவர்களின் இயல்பான சூடும் கொஞ்சம் குறைவு. அத்தைக்கு நல்ல நாளில் 97-க்கு மேல் போகாது. அவருக்கு 98.6 என்பது ஏற்கெனவே ஒன்றரை டிகிரி அதிகம்! முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு இப்படி: ஒரு தடவை 100-க்கு மேல் போனாலோ, திரும்பத் திரும்ப 99-க்கு மேல் காட்டினாலோ, அவரவர் வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலோ அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தைக்கு அதுகூட எட்டவில்லை. மூச்சும் புத்தித் தடுமாற்றமும்தான் காட்டிக்கொடுத்தன.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழைய டைரி இருக்கிறது. அத்தை நன்றாக இருக்கும் நாட்களில் சூடு, மூச்சு, ஆக்ஸிஜன், நாடித்துடிப்பு, எடை எல்லாம் அதில் எழுதிவைக்கிறோம். மலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,200-க்கும் மேல். இவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சமவெளியில் 98 காட்டும் விரல் இங்கே 95, 96 காட்டலாம். அது நோயில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவரின் வழக்கமான அளவு 95-ஆ 97-ஆ என்று தெரியாவிட்டால், அது 91-க்கு இறங்கும்போது எவ்வளவு இறங்கியது என்றே தெரியாது. இன்னொன்று: குளிரில் விரல் விறைத்திருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்கள். இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புது டி செல்கள் அங்கேதான் தயாராகின்றன. சின்ன வயதில் பெரிதாக இருக்கும் அது, பருவ வயதுக்குப் பிறகு வேகமாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிக்கொண்டே போகிறது. எழுபதில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் நிறைய இருக்கும். புதிதாக வரும் கிருமியை எதிர்கொள்ள ஆள் இருக்காது. கவாத்து வெட்டாத தேயிலைச் செடி மாதிரி, முற்றிய இலை நிறைய, கொழுந்து குறைவு. இதோடு கிருமியைத் துரத்தும் நியூட்ரோஃபில் அணுக்களின் ஓட்டமும் தடுமாறுகிறது. சளியை மேலே தள்ளும் மூச்சுக்குழாய் மயிரிழைகள் மெதுவாகின்றன. இருமலின் வேகம் குறைகிறது. தோல் மெலிகிறது, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. எல்லாக் கதவும் கொஞ்சம் கொஞ்சம் திறந்தே கிடக்கிறது.

தைமஸுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-இல் தொடங்கியது. 1918-இல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஆவியில் வேகவைத்துச் சத்தெல்லாம் போன தீட்டிய அரிசியை மட்டும் புறாக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் தைமஸ் சுருங்கிப்போனதை அவர் பதிவு செய்தார். அந்த ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சிம்ஸ் பார்க் போகிற வழியில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம், சாப்பாட்டுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள உறவை நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே பார்த்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

சாப்பாடு என்றதும் வர்க்கி ஞாபகம் வருகிறது. பல் போன பெரியவர்களுக்கு மாலைச் சாப்பாடே இரண்டு வர்க்கியும் ஒரு டம்ளர் டீயும்தான். அத்தையும் அப்படித்தான் இருந்தார். அதில் புரதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். 45 கிலோ இருக்கும் அத்தைக்கு ஐம்பது கிராம் அளவில் வருகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். காலையில் ஒரு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு அல்லது குழைய வேகவைத்த மொச்சை, மாலை வர்க்கிக்குப் பதில் சுண்டலை மசித்து, இரவு பால் என்று மாற்றினோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அத்தைக்கு ஓர் அக்கா இருக்கிறார். நாங்கள் பெரியத்தை என்போம். இரண்டு வயது மூத்தவர். என் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த அதே சளி அதே வாரத்தில் இரண்டு பேருக்கும் ஒட்டியது. பெரியத்தை ஒரு வாரம் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிட்டார். தங்கைக்கு ஆக்ஸிஜன் வைக்க வேண்டி வந்தது. பிறந்த வருஷத்தைப் பார்த்தால் பெரியத்தைதான் மூத்தவர். உடம்பின் வயதைப் பார்த்தால் அத்தை பத்து வருஷம் மூத்தவர் என்று தோன்றும். அத்தைக்கு நாள்பட்ட சர்க்கரை. முழங்கால் வலியால் வீட்டை விட்டு இறங்குவதில்லை. பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். பெரியத்தை இன்னும் தினமும் சரிவில் இறங்கிப் பூண்டுப் பாத்தியைப் பார்த்துவிட்டு ஏறி வருகிறார்.

நடையால் மட்டும் வந்த வித்தியாசம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரையின் பங்கு பெரிது, பிறவிக் கூறும் இருக்கும். ஆனால் 2018-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. பல வருஷமாகத் தொடர்ந்து சைக்கிள் ஓட்டிவரும், 55 முதல் 79 வயதான 125 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். தைமஸிலிருந்து வரும் புது டி செல்கள் அவர்களுக்கு இளைஞர்கள் அளவுக்கே இருந்தன. அவர்கள் வாழ்நாள் முழுக்க ஓட்டியவர்கள். 76 வயதில் திடீரென்று தொடங்கினால் அதே பலன் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடியில் சளி தேங்கும், தசை கரையும். அத்தை இப்போது வெயில் வந்ததும் வாசலில் கம்பியைப் பிடித்து நடக்கிறார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் செய்கிறார்.

மலை வீடுகளில் யாரும் வெளியில் பேசாத ஒரு விஷயம் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது. வயதானால் தாகமே குறைவு. அதற்கும் மேல், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கிறது. இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கும், கரடி வரும். அதனால் பாட்டிமார் பலர் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே தொடமாட்டார்கள். பெரியத்தையிடம் இதைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்படி வறண்டு கிடந்தால் சிறுநீர்த் தொற்று வர வழி உண்டாகிறது. அது முற்றினாலும் எரிச்சலோ காய்ச்சலோ தெரியாமல், திடீர்க் குழப்பமாகவும் கீழே விழுவதாகவும் வெளிப்படலாம். படுக்கைக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம், விலை பெரிதில்லை. தண்ணீர் தானாக உள்ளே போக ஆரம்பித்தது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கும். ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்ததற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவது அதைவிட மோசம். பிறகு நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகும்.

வாய் சுத்தமும் அப்படித்தான், யாரும் கவனிப்பதில்லை. தூக்கத்தில் எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இளைஞர்கள் இருமித் தள்ளிவிடுவார்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் தொடர்ந்து, சாப்பிட்டபின் ஆட்களை வைத்துப் பல் துலக்கிவிட்டுப் பார்த்தார்கள். நிமோனியா கண்கூடாகக் குறைந்தது. பல்லே இல்லாதவர்களிலும் குறைந்தது. பல்செட் போடுகிறவர்கள் ராத்திரி அதைக் கழற்றிக் கழுவிவைக்க வேண்டும். அத்தைக்கு நான் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். முதலில் கூச்சப்பட்டார். இப்போது அவரே ஞாபகப்படுத்துகிறார்.

எங்கள் ஊர்க் குளிருக்குக் கரியடுப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஏற்கெனவே மெதுவாகிப்போன மூச்சுக்குழாய் மயிரிழைகளைப் புகை இன்னும் முடக்குகிறது. இரண்டு சாக்ஸ், குல்லா, கம்பளி, துணி சுற்றிய வெந்நீர்ப் பை போதும். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு அந்தப் பையைக் காலில் வைக்கக் கூடாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது.

தைலம் பற்றியும் கேட்பார்கள். நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவினால் மூக்கு திறந்த மாதிரி சுகமாக இருக்கும், தடவுங்கள். நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. உள்ளுக்குக் கொடுத்தால் விஷம். டிவியில் வருகிற எதிர்ப்பு சக்திப் பொடிகளுக்கு நான் காசு செலவழிப்பதில்லை. வயதானவர்களின் உடம்பில் எதிர்ப்பு வேலை ஒரு பக்கம் மந்தமாகவும், இன்னொரு பக்கம் தேவையில்லாமல் எந்நேரமும் லேசாகக் கனன்றுகொண்டும் இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000-இலேயே இதை எழுதிவிட்டார். அப்படி இருக்கும்போது ஒரு பொடி எதைக் கூட்டும், எதைக் குறைக்கும்?

காசு செலவழிக்க வேண்டியது தடுப்பூசிக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். "வயசான உடம்புல ஊசி எங்க வேலை செய்யும்" என்று என் கணவரே கேட்டார். ஃப்ளூ ஊசியின் பலன் வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறைவுதான், உண்மை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலையைத் தவிர்க்க அது உதவுகிறது. ஃப்ளூ வந்து போன நுரையீரலில்தான் நிமோனியாக் கிருமி சுலபமாகக் குடியேறும் என்பதால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஃப்ளூ ஊசி வருஷாவருஷம். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியில் வகைகள் உண்டு, எது, எத்தனை என்பதை டாக்டர் சொல்வார். அத்தைக்குப் போட்டபோது வீட்டில் நாங்கள் எல்லோருமே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம். அவருடைய உடம்பு சரியாகப் பதில் சொல்லாவிட்டாலும், கிருமியைக் கொண்டுவருகிற ஆட்கள் குறைவார்கள் அல்லவா?

அக்கி ஊசியின் கதை இன்னும் நம்பிக்கை தருவது. சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் சாவதில்லை. நரம்பு முடிச்சில் ஒளிந்திருக்கும். காவல் செல்கள் தளரும்போது, ஒரு பக்க விலாவிலோ முகத்திலோ கொப்புளமாக வெளியே வரும். அதுதான் அக்கி. கேத்தியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வந்தபோது, குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தொடங்க வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டது. கொப்புளம் ஆறிய பிறகும் சட்டை உரசினால் துடிக்கிற நரம்புவலி மாதக்கணக்கில் அவரை விடவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்பிருந்த ஒரு தடுப்பூசி, எழுபது தாண்டியவர்களில் 38 சதவீதம்தான் காத்தது. புதிதாக வந்த ஷிங்ரிக்ஸ், அதே வயதினரிடம் செய்த சோதனையில் 90 சதவீதத்தை ஒட்டிக் காத்தது. செல்களைத் தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருளை அதில் சேர்த்திருக்கிறார்கள். தளர்ந்த உடம்பையும் சரியாக எழுப்பினால் எழும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்தியாவில் 2023-இல் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான். எங்களுக்குச் சீட்டுப் பணம் வந்த மாதம் பெரியத்தைக்கு முதல் ஊசி போட்டோம்.

தோட்டத்தில் புழங்குகிறவர்களுக்கு இன்னொன்று. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல், மழைக்குப் பின்னான குளிர் மாதங்களில் மலைப்பக்கம் அதிகம். கடித்த இடத்தில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புக்கயிறு படும் இடம் என்று மறைவாக இருக்கும். பெரியவர்கள் காட்டக் கூச்சப்படுவார்கள். வீட்டுப் பெண்கள்தான் குளிக்கும்போது பார்க்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். தாமதித்தால் வயதானவர்களுக்கு நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். தோட்டத்துக்குப் போகிறவர் என்பதை டாக்டரிடம் நாமே சொல்ல வேண்டும்.

மலையில் நேரத்தின் கணக்கு வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. இரவில் மேகம் இறங்கினால் 108 வண்டியும் ஊர்ந்துதான் வரும். அதனால் 'காலையில் பார்த்துக்கலாம்' என்பதை நாங்கள் விட்டுவிட்டோம். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, பேச்சு குழம்பினாலோ, காரணமில்லாமல் விழுந்தாலோ, நாளெல்லாம் தூங்கினாலோ முதலில் டைரியை எடுத்து அளவுகளைப் பார்க்கிறோம். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும், கொடுத்தபின் சூடு தெரியாது. உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 25 மூச்சோ அதற்கு மேலோ போனாலும், ஆக்ஸிஜன் வழக்கத்தைவிட நாலு புள்ளி இறங்கினாலும், ஆளே மாறிப்போனாலும் அப்போதே கிளம்பிவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் "காய்ச்சல் இல்லையே" என்றால் டைரியைக் காட்டி, "வழக்கமா 97, மூச்சு 18, நேத்துவரைக்கும் நல்லா பேசினாங்க, இன்னைக்குத்தான் இப்படி" என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுக்காத டாக்டரை நான் பார்த்ததில்லை.